வக்கீல் வைக்க உரிமை உண்டு, செலவு உங்களுடையது: அமெரிக்க நாடுகடத்தல் வழக்குகளும் இலவச சட்ட உதவியும்

அமெரிக்காவில் ஒருவர் கடையில் திருடிவிட்டார் என்று வழக்கு வருகிறது. சிறைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது, வக்கீல் வைக்கக் கையில் காசில்லை என்றால் அரசே ஒரு வக்கீலை நியமித்தாக வேண்டும். 1963-ல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பாதை அது. அதே ஊரில் இருபது வருடமாகக் குடியிருக்கும் இன்னொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை, வாடகை வீடு, இங்கேயே பிறந்து குடிமக்களாகிவிட்ட பிள்ளைகள் எல்லாம் உண்டு. அவர் மேல் நாடுகடத்தல் வழக்கு வந்தால் அரசு வக்கீல் தராது. குடியேற்றச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: வக்கீல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அரசுக்குச் செலவில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச சட்ட உதவி என்று இங்கே பேசப்படுவது எல்லாம் இந்த ஒரு வரியால் வந்த வேலைதான். ஒரு நாடுகடத்தல் வழக்கை நடத்த வக்கீல்கள் பல ஆயிரம் டாலர் வாங்குகிறார்கள். அதைக் கொடுக்க முடிந்தவருக்கு உரிமை வேலை செய்கிறது. முடியாதவருக்காகத் தொண்டு நிறுவனங்களும் சட்டக் கல்லூரிகளும் சில நகர, மாநில அரசுகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அது இவ்வளவு முக்கியம், வெளியில் இருப்பவர் எப்படிக் கை கொடுக்கலாம் என்பதைப் புதிதாகக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், ஏன் இப்படி ஒரு வேறுபாடு? நாடுகடத்தல் தண்டனை இல்லையாம். சீனத் தொழிலாளர்கள் தொடர்பான ஒரு வழக்கில் 1893-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. தண்டனை இல்லை என்பதால் அது குற்றவியல் வழக்கு இல்லை, உரிமையியல் வழக்கு. எனவே குற்றவாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்புகள் பல இங்கே கிடையாது. கையில் விலங்கு மாட்டி, சிறைச் சீருடையில் உட்காரவைத்து, குடும்பத்திலிருந்து பிரித்துப் பல ஆயிரம் மைல் தள்ளி அனுப்புவது தண்டனை இல்லை என்பதை என்னால் நேராக நிமிர்ந்து எழுத முடியவில்லை. ஆனால் சட்டம் இன்றுவரை அங்கேதான் நிற்கிறது.

அடுத்து, அந்த நீதிமன்றம். பெயர்தான் நீதிமன்றம், நீதித்துறையின் கீழ் வரும் சுதந்திரமான நீதிமன்றம் கிடையாது. 1983-ல் அமைக்கப்பட்ட ஒரு நிர்வாக அலுவலகத்தின் கீழ் இது இயங்குகிறது. அந்த அலுவலகம் அட்டர்னி ஜெனரலின் துறையைச் சேர்ந்தது. அங்கே நீதிபதியாக உட்காருபவர் அட்டர்னி ஜெனரலின் ஊழியர். எதிர்ப்பக்கம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வக்கீல். நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்: அரசுத் தரப்பில் எப்போதும் சட்டம் படித்த ஒருவர் இருப்பார். இந்தப் பக்க நாற்காலியில் மட்டும் யார் உட்காருவார் என்பது அவரவர் வசதியைப் பொறுத்தது.

குழந்தைகளுக்கும் இதே நிலைதான். எல்லையில் தனியாக வந்து பிடிபட்ட குழந்தைகளுக்கு அரசு வக்கீல் கொடுக்க வேண்டுமா என்று ஒரு வழக்கு நடந்தது. மற்ற நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பிலிருந்த ஒரு மூத்த குடியேற்ற நீதிபதி அதில் அரசுத் தரப்பில் வாக்குமூலம் கொடுத்தார். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே குடியேற்றச் சட்டத்தைப் புரியவைத்திருக்கிறேன், நேரமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான் என்றார். 2016-ல் செய்தி வெளியானபோது நாடே சிரித்தது. சரி, சிரித்துவிட்டு மறந்தும் போனது. இன்றும் அந்த வயதுக் குழந்தைகள் வக்கீல் இல்லாமல் நீதிபதி முன்னால் நிற்கிறார்கள்.

குடியேற்ற நீதிபதிகள் சங்கத்தின் தலைவராக இருந்த டேனா லீ மார்க்ஸ் இந்த நீதிமன்றங்களைப் பற்றிச் சொன்னது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது: மரண தண்டனைக்கு நிகரான வழக்குகளைப் போக்குவரத்து அபராத நீதிமன்றம் நடக்கும் சூழலில் நடத்துகிறோம் என்றார். மூன்று மில்லியனுக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு வழக்குக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

வழக்கு எங்கே தோற்கிறது

வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டும் அனல் பறக்கும் வாதமும் ஞாபகத்துக்கு வரும். நாடுகடத்தல் வழக்கில் அதற்கு இடம் குறைவு. பெரும்பாலும் வழக்கு காகிதத்தில்தான் ஜெயிக்கும், காகிதத்தில்தான் தோற்கும்.

ஆரம்பம் ஒரு நோட்டீஸ். நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் அந்தத் தாளின் மேல்பகுதியில் 'ஏ' என்ற எழுத்தோடு ஒன்பது இலக்க எண் ஒன்று இருக்கும். இனி அந்த மனிதருடைய வழக்கு, தடுப்புக் காவல், மேல்முறையீடு எல்லாமே அந்த எண்ணில்தான். குடும்பத்தினர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது அதைத்தான். நோட்டீஸில் நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, இன்ன தேதியில் வந்தீர்கள், இன்ன சட்டப்பிரிவின்படி வெளியேற்றத்துக்கு உரியவர் என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் பிழை இருக்கலாம். வக்கீல் முதலில் பார்ப்பது அந்தப் பிழைகளைத்தான். வக்கீல் இல்லாதவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டு வருவார்.

அப்புறம் முகவரி. வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் அதற்கென்று இருக்கும் படிவத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் சொன்னேன், எல்லை அதிகாரியிடம் சொன்னேன் என்பது செல்லாது. அடுத்த விசாரணைத் தேதி பழைய வீட்டுக்குப் போகும், அங்கே குடிவந்தவர் கடிதத்தைக் குப்பையில் போடுவார், இவர் ஆஜராகமாட்டார். அன்றே, அவர் இல்லாமலே, வெளியேற்ற உத்தரவு வந்துவிடும். தஞ்சம் கேட்க எத்தனை வலுவான காரணம் இருந்தாலும் அதை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். இந்த உத்தரவைத் திறந்து மறுவிசாரணை கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கும் தனி மனு, தனிக் காலக்கெடு.

தஞ்ச விண்ணப்பத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. எல்லையில் அதிகாரி கேட்டபோது 'ஊருக்குப் போனால் கொன்றுவிடுவார்கள்' என்று சொல்லிவிட்டோம், ஆகவே தஞ்சம் கேட்டாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஐ-589 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் கேட்டதாகும். நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விதிவிலக்குகள் குறைவு. படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். 2025 ஜூலைச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு 100 டாலர் கட்டணமும் வந்துவிட்டது. அதுவரை அது இலவசமாக இருந்தது.

இதெல்லாம் தாண்டினால் நம்பகத்தன்மை. 2005-ல் வந்த ஒரு சட்டத்திருத்தத்தின்படி, விண்ணப்பதாரர் சொல்வதில் எந்த முரண் இருந்தாலும், அது கதையின் மையத்தைத் தொடாத சின்ன விஷயமாக இருந்தாலும், நீதிபதி அதை வைத்து நம்ப மறுக்கலாம். தமிழர்களின் காகிதங்களை ஒருமுறை பார்த்தவருக்கு இதிலுள்ள ஆபத்து உடனே தெரியும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. அமெரிக்கப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஒரே ஆள் மூன்று பெயரில் நிற்கிறார். தேதி அதைவிட மோசம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 04/07 என்றால் நமக்கு ஜூலை நான்காம் தேதி. அவர்களுக்கு ஏப்ரல் ஏழு. அடிபட்டது ஜூலையில் என்று நேர்காணலில் சொல்லியிருக்கிறார், ஆவணம் ஏப்ரல் என்கிறது. ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று அரசு வக்கீல் கேட்கும்போது, பயந்து போயிருக்கும் மனிதருக்கு இது வெறும் தேதி எழுதும் முறை என்று தோன்றுவதற்கே நேரமாகும். நல்ல வக்கீல் இதை விசாரணைக்கு மாதங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, ஒரு விளக்கப் பத்திரம் எழுதிக் கோப்பில் வைத்திருப்பார்.

இன்னொரு காட்சி 2025-க்குப் பிறகு பல ஊர் நீதிமன்றங்களில் நடப்பது. அரசு வக்கீல் எழுந்து, 'இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்று தானே கேட்கிறார். வக்கீல் இல்லாதவர் காதில் இது நல்ல சேதியாக விழுகிறது. வழக்கு முடிந்தது என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வருகிறார். தாழ்வாரத்தில் அதிகாரிகள் கைது செய்கிறார்கள். வழக்கு போய்விட்டதால் அவரை நீதிபதி முன் விசாரணையே இல்லாத விரைவு வெளியேற்ற நடைமுறைக்குள் தள்ளலாம் என்பது கணக்கு. தள்ளுபடிக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்கும் அந்தச் சில விநாடிகளில் 'ஆட்சேபம் இருக்கிறது, பதில் எழுத அவகாசம் வேண்டும்' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம்.

ஒரு நகரம் செய்து பார்த்தது

இங்ரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷாஃபர் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவது. 2007 முதல் 2012 வரை முடிந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வக்கீல் இருந்தவர்கள் 37 சதவீதம். தடுப்புக் காவலில் இருந்தவர்களில் வெறும் 14 சதவீதம். உள்ளே இருப்பவருக்கு வக்கீல் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது இதில் தெரிகிறது. சம்பாதிக்க முடியாது, போன் பேசவே காசு, நியூயார்க்கில் பிடித்தவரை லூசியானாவிலோ டெக்சாஸிலோ கொண்டுபோய் வைத்துவிட்டால் உள்ளூர் வக்கீல் போய்ப் பார்க்கவும் முடியாது.

இந்தப் பள்ளத்தை அடைத்தால் என்ன ஆகும் என்று நியூயார்க் நகரம் 2013-ல் சோதித்தது. அதற்கு விதை போட்டவர் ராபர்ட் காட்ஸ்மன் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிபதி. மோசமாகத் தயாரிக்கப்பட்ட, சில சமயம் தயாரிக்கப்படாத குடியேற்ற வழக்குகள் தன் மேசைக்கு வருவதைப் பார்த்துச் சலித்து, 2007-ல் ஒரு சொற்பொழிவில் இதை வெளிப்படையாகப் பேசினார்; பிறகு வக்கீல்களைச் சேர்த்து ஆய்வுக் குழு ஒன்றும் அமைத்தார். அதன் தொடர்ச்சியாக நகர மன்றம் ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கி முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மன்ஹாட்டனின் வேரிக் தெருவில் உள்ள நீதிமன்றத்துக்கு, நியூ ஜெர்சி கவுண்டிச் சிறைகளிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கொண்டுவரப்படுபவர்களுக்கு முதல் விசாரணை நாளிலேயே வக்கீல் என்பது திட்டம். பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி ஆகிய மூன்று அமைப்புகளும் பிறகு அதை நடத்தின.

வேரா என்ற நீதித்துறை சார்ந்த ஆய்வு நிறுவனம் 2017-ல் இதை மதிப்பிட்டது. வேரிக் தெருவில் வக்கீல் இல்லாமல் நின்றவர்களில் முன்பு 4 சதவீதம்தான் வென்றார்கள். திட்டம் வந்தபின் வெற்றி வீதம் 48 சதவீதத்தை எட்டும் என்பது அவர்கள் கணக்கு. மனிதர்கள் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. நாட்டில் தங்கச் சட்டப்படியே வழி இருந்தும் அதைக் காட்ட ஆளில்லாமல் எத்தனை பேர் முன்பு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பதைத்தான் நான் இந்த எண்ணில் பார்க்கிறேன்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 'ஜெயிக்கும் கேஸா?' என்று வாசலில் வடிகட்டுவது இல்லை. வருமானம் வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குக்குள் இருக்கிறதா, வக்கீல் இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். இதற்குப் பொதுப் பிரதிநிதித்துவம் என்று சொல்லலாம். தொண்டு நிறுவனங்கள் வழக்கமாக இதற்கு நேர்மாறாக, இருக்கும் கொஞ்சம் வக்கீல்களை வலுவான வழக்குகளுக்கு ஒதுக்குகின்றன. அதில் நியாயம் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே வராந்தாவில் வைத்து இவர் பிழைப்பார், இவர் பிழைக்கமாட்டார் என்று பிரிப்பதில் உள்ள கோளாறு இதிலும் இருக்கிறது. பத்து நிமிடப் பேச்சில் தன் மகள் மேல் நடந்த வன்முறையைச் சொல்லமாட்டார் ஒரு தாய். நாலாவது சந்திப்பில் சொல்வார். அப்போதுதான் குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான யு விசாவுக்கு வழி இருப்பதே தெரியவரும். அரிதாக, கோப்பைத் துருவும்போது அந்த ஆள் பெற்றோர் வழியில் ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகன் என்றே தெரியவந்ததும் உண்டு.

2017-ல் இதில் சண்டையும் வந்தது. சுமார் 170 வகைக் கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு நகரப் பணத்தில் வக்கீல் கூடாது என்று மேயர் அலுவலகம் நின்றது. திட்டத்தின் ஆதரவாளர்கள் ஒப்பவில்லை. கடைசியில் பெயர் சொல்லாத ஒருவர் நன்கொடை கொடுக்க, நகரப் பணத்தில் செய்ய முடியாததைத் தனியார் பணத்தில் செய்தார்கள். அரசு நிதிக்கு நிபந்தனை இருக்கும். தனிநபர் நன்கொடை அந்த இடுக்குகளில் நுழையும். நீங்கள் கொடுக்கும் 50 டாலருக்கும் அந்தப் பயன் உண்டு.

நியூயார்க்கைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. நியூயார்க் மாநிலம் 2017-ல் மாநிலம் முழுக்க விரித்தது. கொலராடோ 2021-ல் இதற்கென்று நிதி ஒன்றை உருவாக்கியது. ஒரிகன் 2022-ல் சட்டம் போட்டது.

மத்திய அரசின் பக்கம் கதை வேறு. ஏழைகளுக்கான சட்ட உதவிக்கென்று 1974-ல் உருவான லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் நிதியை வாங்கும் அமைப்புகள், வன்முறைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளானவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஆவணமில்லாதவர்களுக்காக வழக்காட முடியாது. 1996 முதல் வேறு இடத்தில் வாங்கிய பணத்தில்கூடச் செய்யக்கூடாது. ஆகவே ஊரில் 'லீகல் எய்ட்' என்ற பலகையைப் பார்த்துப் போனவர் பல சமயம் திரும்பி வருவார். தடுப்பு மையங்களில் இருப்பவர்களுக்கு உரிமைகளை விளக்க 2003 முதல் நடந்த திட்டத்தை 2025 ஏப்ரலில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம், தனியாக வந்த குழந்தைகளுக்கு வக்கீல் கொடுத்துவந்த ஒப்பந்தத்தை வெட்டினார்கள். சுமார் 26,000 குழந்தைகள் வக்கீல் இழக்கும் நிலை வந்தது. கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிபதி ஏப்ரல் முதல் தேதி அந்த வெட்டைத் தற்காலிகமாகத் தடுத்தார். ஆனால் இடைப்பட்ட நாட்களிலேயே பல அமைப்புகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. வக்கீலைப் பயிற்றுவிக்க வருடங்கள் ஆகும், அனுப்ப ஒரு மின்னஞ்சல் போதும்.

வக்கீல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. 2017-ல் இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவர் கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லை தாண்டி, 25 கெஜ தூரத்திலேயே பிடிபட்டார். ஊரில் தன்னை வேனில் கடத்திக்கொண்டு போய் அடித்தார்கள் என்று முதல் நேர்காணலில் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் யார் அடித்தார்கள், எதற்காக என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆட்களைக் கடத்திக் காணாமல் ஆக்க வரும் வெள்ளை வேன் என்றால் என்ன என்று இலங்கைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க அதிகாரிக்கு விளக்க வேண்டும், ஆதாரத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும். தஞ்சம் கேட்கும் அளவுக்கு அச்சம் நிறுவப்படவில்லை என்று முடிவானது. பிறகு குடிமக்கள் உரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யு அமைப்பின் வக்கீல்கள் அவருக்காக மத்திய நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டில் வென்றார்கள். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தோற்கடித்தது. எல்லை தாண்டிய உடனே பிடிபட்டவர், விரைவு வெளியேற்ற முடிவை எதிர்த்து இப்படி மத்திய நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்ற அந்தத் தீர்ப்பு இன்று எல்லா நாட்டவரையும் பாதிக்கிறது. நாட்டின் தலைசிறந்த வக்கீல்கள் வந்தும் காலம் கடந்துவிட்டது. வக்கீல் தேவைப்பட்டது அந்த முதல் நேர்காணலின்போது.

தோற்கும் வழக்கிலும் வக்கீலுக்கு வேலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வெளியேற்ற உத்தரவோடு அனுப்பப்பட்டவர் பொதுவாகப் பத்து வருடம் திரும்ப விண்ணப்பிப்பதே சிரமம். தானாகப் போவதற்கு நீதிபதியிடம் அனுமதி வாங்கிப் போனால் அந்த உத்தரவு அவர் பெயரில் இருக்காது. குடிமகளான மகள் பிற்பாடு அவருக்காக விண்ணப்பிக்கும்போது இது பெரிய வித்தியாசம்.

'சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு எதற்கு இதெல்லாம்?' என்று நம் ஆட்களே கேட்பார்கள், பெரும்பாலும் எச்-1பி விசாவில் வரிசையில் நின்று வந்தவர்கள். கோபம் புரிகிறது. ஆனால் மீறினார்களா என்பதைத் தீர்மானிக்கத்தானே விசாரணை? இந்த நீதிமன்றத்தில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் நிற்கிறார்கள், பழைய ஒரு சின்ன வழக்குக்காக. தவிர, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அந்தஸ்து போனவர்களுக்கு ஆஜர் நோட்டீஸ் அனுப்பும் கொள்கையை 2025 பிப்ரவரியில் இறுக்கியிருக்கிறார்கள். வரிசை அவ்வளவு பத்திரமான இடம் இல்லை.

எப்படிக் கை கொடுப்பது

பணம்தான் முதலில். ஒரு வழக்கு வருடக்கணக்கில் போகும். செய்தியில் அழுகிற குழந்தையைப் பார்த்த வாரத்தில் கொட்டும் நன்கொடையை வைத்து ஒரு அமைப்பு நிரந்தர வக்கீலை வேலைக்கு எடுக்க முடியாது. மாதம் 20 டாலர் என்று தவறாமல் வருவதை நம்பித்தான் எடுக்க முடியும். பெரிய ஐடி கம்பெனிகள் பலவற்றில் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகக் கம்பெனியும் போடும் வசதி உண்டு. தன்னார்வ நேரத்துக்கும் சில கம்பெனிகள் பணம் தரும். வருடக் கடைசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

பிணைத் தொகைக்கான நிதிகள் தனி. குடியேற்றக் காவலில் நீதிபதி பிணை கொடுத்தால் சட்டப்படி குறைந்தது 1,500 டாலர், நடைமுறையில் அதைவிட மிக அதிகம். முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ஆள் எல்லா விசாரணைக்கும் ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்ப வரும், அதையே அடுத்தவருக்குக் கட்டுவார்கள். 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், சோதனையின்றி எல்லை தாண்டி வந்தவர்களுக்கு நீதிபதி பிணை தரவே முடியாது என்று சொல்லிவிட்டது. பல மத்திய மாவட்ட நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அதனால் இப்போது வக்கீல்கள் ஆட்கொணர்வு மனுக்களோடு அந்த நீதிமன்றங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு சட்டம், வேறு நடைமுறை, கூடுதல் செலவு.

பணம் கொடுக்க முடியாதவர்களிடம் தமிழ் இருக்கிறது. கிராம அலுவலர் கடிதம், போலீஸ் புகார் நகல், மருத்துவமனைச் சீட்டு, ஊர்க்காரர் எழுதிய சாட்சிக் கடிதம் எதுவும் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் நீதிமன்றம் ஏற்கும். மொழிபெயர்ப்பவர் அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது என் அறிவுக்கு எட்டியவரை சரியான மொழிபெயர்ப்பு என்று தட்டச்சு செய்து கையெழுத்திட்ட ஒரு சான்று கூட இணைக்க வேண்டும். ஸ்பானிஷுக்கு ஆள் கிடைப்பார்கள், தமிழுக்குக் கிடைப்பது அரிது. செய்வதாக இருந்தால் அழகுபடுத்தாதீர்கள். 'அவன் வந்தான்' என்று இருந்தால் அப்படியே போடுங்கள். 'ராணுவத்தினர் வந்தனர்' என்று தெளிவாக்கிவிட்டால் உதவியதாக நினைப்பீர்கள், குறுக்கு விசாரணையில் அது முரணாகி நிற்கும். முத்திரையில் உள்ளதையும், படிக்க முடியாத இடத்தில் 'படிக்க முடியவில்லை' என்பதையும் எழுதுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

விசாரணைக்குக் கூடவே போய் உட்காருவதும் பல ஊர்களில் ஒழுங்காக நடக்கும் தன்னார்வ வேலை. தேவாலயங்களும் உள்ளூர்க் குழுக்களும் இதற்குப் பயிற்சி தருகின்றன. கூட வருபவர் வாய் திறக்க வேண்டியதில்லை. யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்ல ஒருவர் இருப்பதே பெரிது. ஆனால் சட்ட ஆலோசனை மட்டும் சொல்லாதீர்கள். 'என் மச்சானுக்கு இப்படிச் செய்தோம், நடந்தது' என்று சொல்லி ஒருவருடைய படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அவரைக் கவிழ்க்கும். வக்கீலாகவோ அங்கீகாரம் பெற்றவராகவோ இல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்வது பல மாநிலங்களில் குற்றமும்கூட.

உதவி தேடுபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே எச்சரிக்கை: ஆளைச் சரிபாருங்கள். வக்கீல் இல்லாமலே வக்கீல் போல் நடித்து, இல்லாத காரணத்தை எழுதித் தஞ்ச விண்ணப்பம் போட்டுவிட்டுப் பணத்தோடு காணாமல் போகிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு. பொய்யென்று தெரிந்தே போட்ட விண்ணப்பம் பிறகு வரும் உண்மையான வழிகளையும் அடைத்துவிடும். வக்கீல் என்றால் ஏதாவது ஒரு மாநில பார் கவுன்சிலின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கும். வக்கீல் அல்லாத ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் இருக்கிறார்கள்; அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அவர்கள். அந்தப் பட்டியலையும், ஊர்வாரியாக இலவச சட்ட உதவி தருபவர்கள் பட்டியலையும் குடியேற்ற நீதிமன்ற அலுவலகமே தன் தளத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் நன்கொடை கொடுக்கும் அமைப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இப்போது உங்களுக்குக் காசு தேவையா, மொழிபெயர்ப்பாளர் தேவையா, நீதிமன்றத்துக்கு வண்டி ஓட்ட ஆள் தேவையா என்று ஒரு மின்னஞ்சலில் அவர்களிடமே கேளுங்கள்.